கார் ஏசி துர்நாற்றம்

கார் ஏசி துர்நாற்றம் என்பது காரின் குளிரூட்டியை இயக்கும்போது அதன் காற்றுத் திறப்புகளின் வழியே வீசும் பூஞ்சை வாடை, அழுகல் வாடை, புளிப்பு வாடை போன்றவற்றைக் குறிக்கும். ஏசியில் கேஸ் குறைந்துவிட்டதால் நாற்றம் வருகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. பெரும்பாலான நேரங்களில் கேஸுக்கும் நாற்றத்துக்கும் தொடர்பில்லை. வண்டிக்குள் எங்கோ தங்கி நிற்கும் ஈரமும், அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவுமே காரணம். ஈரம் தங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, உலர்த்தினால் நாற்றம் நீங்கும். நறுமணப் பொருள்கள் அதைச் சில நாள்கள் மறைக்கும், அவ்வளவே.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், முடிச்சூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி ஆகிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது. கடலோர ஈரக்காற்று, வடகிழக்குப் பருவமழை வெள்ளம், சாலையோரத்திலிருந்து வண்டிக்குள் நுழையும் வெளிநாற்றங்கள் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

நாற்றம் உண்டாகும் விதம்

காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உள்ளது. அதற்குள் காற்றைத் தள்ளும் புளோயரும், மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று அழைக்கும் ஆவியாக்கியும் இருக்கின்றன. ஆவியாக்கி என்பது நெருக்கமான அலுமினியத் தகடுகளால் ஆன ஒரு பாகம். ஏசி ஓடும்போது அதன் மேற்பரப்பு பூஜ்யம் டிகிரி செல்சியஸை நெருங்கும் அளவுக்குக் குளிர்கிறது. அதன் மீது படும் காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் நீர் பூப்பதுபோல, துளிகளாக மாறுகிறது. இந்த நீர் பெட்டியின் அடியிலுள்ள வடிகுழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது.

சென்னைப் பகுதியில் இப்படிச் சேரும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. வெப்பநிலை 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது சுமார் 7 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். மீதமுள்ள 17 கிராம் ஆவியாக்கியின் மீது நீராகப் படியும். வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே ஏசி ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் நீர் சேரக்கூடும்.

வண்டியை நிறுத்தியதும் ஆவியாக்கி ஈரமாகவே நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் இருட்டு. காற்றோட்டமும் இல்லை. தூசி, பூந்தாது, தலைமுடி, இலைத்துகள் ஆகியவை ஏற்கெனவே தகடுகளின் இடையே ஒட்டியிருக்கும். ஈரமும் உணவும் கிடைத்தால் ஓரிரு நாள்களிலேயே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். இந்த நுண்ணுயிர்கள் வெளியிடும் வேதிப்பொருள்களைத்தான் மூக்கு நாற்றமாக உணர்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளும் அவற்றுள் ஒன்று. மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

ஏசி போட்ட முதல் ஒரு நிமிடம் நாற்றம் கடுமையாக இருந்து, பிறகு குறைந்ததுபோலத் தோன்றும். தேங்கியிருந்த வாடை முதல் காற்றோடு வெளியேறிவிடுவது ஒரு காரணம். மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடுவது மற்றொன்று. ஆகவே வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரைவிட, புதிதாக ஏறுபவரே நாற்றத்தைச் சரியாகச் சொல்வார்.

தென்சென்னைப் புறநகரின் சூழல்

இப்பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அந்த மாதங்களில் ஈரச் செருப்பும் குடையும் மழைக்கோட்டும் காருக்குள் வருகின்றன. தரைவிரிப்பு பல நாள்கள் காய்வதே இல்லை. கோடையில் மழை இல்லாவிட்டாலும் பிற்பகலில் வீசும் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஏசி அதிகமாக ஓடும் காலமும் அதுவே. எனவே ஆவியாக்கி முழுமையாக உலர்வதற்கு ஆண்டில் அதிக வாய்ப்பில்லை.

வேம்பு, தூங்குமூஞ்சி, இயல்வாகை போன்ற மரங்களின் கீழ் வண்டியை நிறுத்துவது இங்கு வழக்கம். நிழல் கிடைக்கும், ஆனால் சிறு இலைகளும் பூக்களும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று நுழைவாயிலில் விழுந்து சேரும். மழை பெய்தால் அவை அங்கேயே அழுகும். அந்த வாடை நேராக வண்டிக்குள் வருகிறது. அங்குள்ள நீர்வழி அடைபட்டால் மழைநீரும் உள்ளே இறங்கும்.

சில சாலைகளில் நாற்றம் வெளியிலிருந்தே வருகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் குறுக்கே, பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு அருகில் செல்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் கிடங்கில் தீப்பிடித்தபோது புகை சுற்றுவட்டாரம் முழுவதும் பரவியது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் நீண்டகாலமாக இயங்கிவருகின்றன. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். இத்தகைய இடங்களைக் கடந்ததும் நாற்றம் மறைந்துவிட்டால் வண்டியில் குறை இல்லை. கடக்கும் சில நிமிடங்களுக்கு உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்தினாலே போதும்.

வாடையும் காரணமும்

வாடை எப்படிப்பட்டது என்பதைக் கொண்டே காரணத்தைப் பெருமளவு ஊகிக்கலாம்.

ஈரத்துணி அல்லது பழைய சாக்ஸ் வாடை: ஆவியாக்கியில் வளர்ந்த பூஞ்சையும் பாக்டீரியாவும். மிகப் பரவலான வகை இதுவே.

புழுக்க வாடையோடு முன் இருக்கையின் கால்பகுதியில் ஈரம்: வடிகுழாய் அடைப்பு. வெளியே சொட்ட வேண்டிய நீர் தரைவிரிப்பின் அடியில் சேர்கிறது.

புளிப்பு வாடை: சிந்திய பால், தயிர், இட்லி மாவு அல்லது சாம்பார். தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் ஊறிய பால் பல வாரங்கள் வாடை வீசும்.

கடுமையான அழுகல் வாடை: புளோயர் பெட்டியிலோ என்ஜின் அறையிலோ இறந்த எலி. மழைக்காலத்தில் எலிகள் உலர்ந்த இடம் தேடி வண்டிக்குள் புகுவது உண்டு.

இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும்: ஹீட்டர் பாகத்திலிருந்து கூலன்ட் கசிகிறது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் நச்சுப்பொருள். என்ஜின் சூடேறிக் கெடவும் வாய்ப்புண்டு.

அழுகிய முட்டை வாடை: புகைபோக்கியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கோளாறு அல்லது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரி. சாக்கடை ஓரத்தில் நிற்கும்போது மட்டும் வந்தால் அது வெளிநாற்றம்.

பெட்ரோல் வாடை, சமையல் கேஸ் போன்ற வாடை, வயர் கருகும் வாடை: இவை மூன்றும் ஆபத்தின் அறிகுறிகள். வண்டியை உடனே ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, அனைவரும் இறங்கிவிட வேண்டும். சரிபார்க்காமல் மீண்டும் ஓட்டக் கூடாது.

காரணத்தை உறுதிசெய்யும் சோதனை

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவுகளை மூடிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். வெறும் ஃபேனை வெளிக்காற்று நிலையில் வைக்கும்போது மட்டும் நாற்றம் வந்தால் குறை காற்று நுழைவாயிலில் இருக்கக்கூடும். உட்காற்று நிலையில் வந்தால் தரைவிரிப்பு, இருக்கை, டிக்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்ட உடனும், கம்ப்ரசர் நின்று மீண்டும் ஓடும் இடைவெளியிலும் வந்தால் ஆவியாக்கியே காரணம். ஹீட்டர் பக்கம் திருப்பியதும் இனிப்பு வாடை கூடினால் கூலன்ட் கசிவாக இருக்கலாம்.

அடுத்தது நீர்ச் சோதனை. உலர்ந்த தரையில் வண்டியை நிறுத்தி 15 நிமிடம் ஏசியை ஓட்டினால், முன்பகுதியின் அடியில் நீர் சொட்ட வேண்டும். சென்னை போன்ற ஈரமான ஊரில் சொட்டவே இல்லையென்றால் வடிகுழாய் அடைந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு மிதியடிகளை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பின் மீது பழைய செய்தித்தாளை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தாள் நனைந்தால், அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் வரை வேறு எந்தச் செலவும் வீண். ஏசி நீருக்கு நிறமில்லை. கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரமிருந்தால் கதவு ரப்பர், கண்ணாடி ஓரம் ஆகிய இடங்களையும், சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் வடிகுழாய்களையும் ஆராய வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

எளிதிலும் செலவு குறைந்ததிலும் தொடங்கிப் படிப்படியாகச் செல்வதே நல்லது.

1. ஏசி ஃபில்டரை மாற்றுதல். பெரும்பாலான கார்களில் இது இடப்பக்க முன் இருக்கைக்கு எதிரேயுள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கருவிகள் இல்லாமலே கழற்றலாம். விலையும் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி மாட்டினால் அதுவே பூஞ்சைக்கு இடமாகும். கரித்தூள் கலந்த ஃபில்டர் வெளிநாற்றத்தையும் ஓரளவு குறைக்கும். சில பழைய, விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் இல்லாமல் இடம் மட்டும் இருக்கும். அவற்றில் தூசி நேரடியாக ஆவியாக்கியில் படிகிறது.

2. காற்று நுழைவாயிலைச் சுத்தம் செய்தல். பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சருகுகளையும் பூக்களையும் கையால் எடுக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சினால் குப்பை உள்ளே போய்விடும்.

3. வடிகுழாய் அடைப்பை நீக்குதல். வளையும் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை அடியிலிருந்து மெதுவாகச் செலுத்தலாம். கூர்மையான இரும்புக் கம்பி ஆவியாக்கியைக் குத்திவிடும்.

4. ஆவியாக்கியைக் கழுவுதல். இதற்கென விற்கப்படும் நுரைவகைக் கிளீனரை, ஃபில்டர் இருக்கும் இடத்தின் வழியாகவோ வடிகுழாய் வழியாகவோ, டப்பாவில் குறிப்பிட்டபடி செலுத்த வேண்டும். நுரை ஊறி, அழுக்கோடு நீராக வடிந்து வரும். ஃபேன் மோட்டார் மீதும் மின் இணைப்புகள் மீதும் அது படக் கூடாது.

5. உலர்த்துதல். திறந்தவெளியில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, சென்னையில் பலர் தொட்டே பார்க்காத ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, ஃபேனை 10 அல்லது 15 நிமிடம் வேகமாக ஓட்ட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் நாற்றம் சில வாரங்களில் திரும்பும்.

6. உட்புறத்தைச் சுத்தம் செய்தல். தரைவிரிப்பு நனைந்திருந்தால் மேலே துடைப்பது போதாது. இருக்கையைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை வெயிலில் காயவைக்க வேண்டும். பால் சிந்திய இடத்துக்குச் சமையல் சோடா ஓரளவு உதவும். புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த கிளீனர் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவும் செய்த பின்னும் நாற்றம் நின்றால், டேஷ்போர்டைக் கழற்றி ஆவியாக்கியை வெளியே எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். இது பட்டறையில் மட்டுமே செய்யத்தக்க பெரிய வேலை. அப்போது ஏசி கேஸை எந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற வாயு, புவியைச் சூடாக்குவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது.

தவிர்க்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடர் கரைசல் அலுமினியத்தை அரிக்கும். அதன் குளோரின் வாயு பின்னர் காற்றோடு முகத்தில் வீசும். கழிவறை ஆசிட் வகைகள் ஆவியாக்கியில் நுண்ணிய ஓட்டைகளை உண்டாக்கும். ஓட்டை விழுந்தால் கேஸ் கசிந்து, ஆவியாக்கியையே மாற்ற நேரும். பிளீச்சையும் ஆசிட்டையும் கலப்பது உயிருக்கே ஆபத்து.

அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், வெயிலில் நிறுத்திய காரின் வெப்பத்தில் வேகமாக ஆவியாகும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கற்பூரத்தைக் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரலாம். வெட்டிவேர், எலுமிச்சை ஆகியவற்றால் தீங்கு குறைவு. ஆனால் அவை நாற்றத்தின் காரணத்தைப் போக்குவதில்லை. டேஷ்போர்டில் சாமி படத்துக்குச் சாத்தும் மல்லிகைச் சரத்தின் உதிரிப்பூக்கள் கண்ணாடி ஓரத் துளைகளில் விழுந்து அழுகுவதுண்டு. ஆயுத பூசைக்கு வைக்கும் பழமும் பூவும் இருக்கைக்கு அடியில் மறந்து கிடப்பதும் உண்டு.

ஓசோன் எந்திரம் சில பட்டறைகளில் பயன்படுத்தப்படுகிறது. நுண்ணுயிர்களைக் கொல்லும் அளவுக்குச் செறிவான ஓசோன் மனித நுரையீரலுக்கும் தீங்கானது. எந்திரம் ஓடும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. முடிந்ததும் கதவுகளை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். ஈரமான பஞ்சை உலர்த்தாமல் ஓசோன் மட்டும் செலுத்துவதால் நிலையான பலன் இல்லை.

எலி புகுந்த பெட்டியை உலர்ந்த தூரிகையால் தேய்க்கக் கூடாது. எலிச் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பிறகே அள்ள வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கார்கள்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றங்கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளோடு கார்களும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்தியது இந்த அனுபவத்தின் விளைவே.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. என்ஜினுக்குள் நீர் இருந்தால் உள்பாகங்கள் வளைந்து உடைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்துச் சென்று, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே முறை. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாத பாலிசியில் இந்தச் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

நாற்றத்தைப் பொறுத்தவரை நீர் ஏறிய உயரமே முக்கியம். தரைவிரிப்பு வரை மட்டும் நீர் வந்திருந்தால், இருக்கைகளையும் விரிப்பையும் ஓரிரு நாளுக்குள் கழற்றி உலர்த்திக் காப்பாற்றிவிடலாம். நீர் இருக்கை வரை ஏறியிருந்தால் பஞ்சை மாற்றுவதே நல்லது. ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றின் மின் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் ஏசிப் பெட்டிக்குள் சாக்கடை கலந்த சேறு புகுந்திருக்கும். அதை நுரைக் கிளீனரால் நீக்க முடியாது. பெட்டி முழுவதையும் கழற்ற வேண்டும்.

பழைய கார் வாங்கும்போது

வெள்ளத்தில் நனைந்த கார்கள் மேலோட்டமாகச் சுத்தம் செய்யப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு வருவதுண்டு. அத்தகைய வண்டியைக் கண்டறிய ஏசியே நல்ல வழி. கதவுகள் மூடியிருந்த வண்டியில் ஏறியதும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, உட்காற்று நிலையில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து முதல் காற்றை முகர்ந்து பார்க்க வேண்டும். காருக்குள் தூக்கலான நறுமணம் வீசினால் அதுவே ஐயத்துக்கு இடம்தரும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். ஸ்டெப்னி வைக்கும் குழி, இருக்கைத் தண்டவாளங்கள், டேஷ்போர்டின் அடியிலுள்ள திருகாணிகள் ஆகியவற்றில் துரு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். முந்தைய காப்பீட்டு இழப்பீட்டு விவரத்தை விற்பவரிடம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

உடல்நலம்

பூஞ்சை வித்துகள் ஆஸ்துமாவையும் ஒவ்வாமை மூக்கொழுகலையும் தூண்டக்கூடியவை. காரில் ஏறியதும் தும்மலும் கண் எரிச்சலும் தொடங்கி, இறங்கியதும் குறைந்தால் ஏசியைச் சோதிக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மிகவும் ஆபத்தான வாயுவுக்கு வாடையே இல்லை. புகைபோக்கிக் குழாயில் கசிவு இருந்தாலோ, மூடிய கேரேஜில் என்ஜின் ஓடினாலோ, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் சேரக்கூடும். நிறுத்திய காரில் என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுத் தூங்குவது இதனால்தான் உயிரைப் பறிக்கிறது. ஏசியைச் சுத்தம் செய்வதால் இந்த ஆபத்து நீங்காது. காருக்குள் புகை வாடையோடு தலைவலியும் மயக்கமும் வந்தால் கண்ணாடிகளைத் திறந்து, என்ஜினை அணைத்து, வெளியேற வேண்டும்.

வராமல் தடுக்கும் பழக்கங்கள்

வீடு சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை அணைத்து, ஃபேனை மட்டும் வெளிக்காற்று நிலையில் ஓடவிட்டால் ஆவியாக்கி பெருமளவு உலரும். எல்லாவற்றிலும் பயன் மிகுந்த பழக்கம் இதுவே. செலவும் இல்லை. சில புதிய கார்களில், வண்டி நின்ற பிறகு ஃபேன் தானாகச் சிறிது நேரம் ஓடி ஆவியாக்கியை உலர்த்தும் வசதி உண்டு. மின்சாரக் கார்களிலும் ஆவியாக்கி இருப்பதால் அவற்றுக்கும் இதே பழக்கம் பொருந்தும்.

ஃபில்டரைப் பருவமழைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் பார்ப்பது, நனைந்த மிதியடிகளை அன்றன்றே எடுத்துக் காயவைப்பது, வாட்டர் சர்வீஸ் செய்த வண்டியைக் கதவுகளைத் திறந்துவைத்து உலர்த்துவது, வெயில் நாளில் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது ஆகியவையும் உதவும். இவற்றைப் பின்பற்றினால் தாம்பரம் போன்ற ஈரமான ஊரிலும் நுரைக் கிளீனரின் தேவை பெரிதும் குறையும்.